சின்னையா பிறக்காத காலம்

கோதை மூன்றாவது தடவையாக நினைவிழந்தபோதே ஸுஹறாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி இந்தக் கதையைத் தூக்கி நிறுத்த முடியாது என்று.

கோதை ஒரு விண்கலத்தின் தலைவி. ‘வெளியோடிகள்’ என்ற ஒலி நாடகத்தில் வருபவள். பன்னிரண்டு வருடங்களாக அந்த நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தவள் ஸுஹறா. வவுனியாவை அடுத்த நெளுக்குளத்தில் கணவன் ஹலீமோடு ஹார்ட்வெயார் கடை நடத்திக்கொண்டு, ஆணி நிறுப்பதற்கும் பெயின்ற் கலப்பதற்கும் இடையில் கிடைத்த நேரத்தில் எழுதியதுதான் அவ்வளவும். முதலில் வவுனியாவில் ஒரு சின்ன வானொலியில் சனிக்கிழமைகளில் போனது. வானொலியை மூடிய பிறகு யூடியூப்புக்கு வந்தது. ஒலிப்பதிவும் பின்னணிச் சத்தங்களும் கிருசாந்தன், அவனுடைய போன் திருத்துகிற கடைக்குப் பின்னால் இருந்த அறையில். சுவரெல்லாம் முட்டைத் தட்டு. கதவுக்கு ஒரு பழைய மெத்தை.

கதை இதுதான். ஒரு கோள் அழிந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து கடைசியாகக் கிளம்பிய ‘முரல்’ என்ற கலம், ஓர் இரவு பிந்திப் புறப்பட்டதால் வழி தவறி, யாரும் அறியாத ஒரு வானத்துக்குள் போய் விழுந்துவிடுகிறது. ஸுஹறா முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள். எட்டு வயதில், இயக்கம் ஊர் முஸ்லிம்கள் எல்லாரையும் எழும்பிப் போகச் சொன்னபோது புத்தளத்துக்குப் போய், அங்கேயே வளர்ந்து, ஹலீமைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்தவள். தண்ணீருக்கு மேலே வெள்ளிக்கம்பி போலத் துள்ளிப் போகும் முரல் மீனை வாப்பா காட்டியது ஞாபகத்தில் இருந்தது. கலத்துக்கு வேறு பெயர் அவள் யோசிக்கவே இல்லை.

கோதைக்குக் குரல் கொடுத்தவள் கஜேந்தினி, பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கிற பிள்ளை. கலத்தின் இயந்திரத்தைக் கட்டி மேய்க்கும் சின்னையாவுக்குக் குரல் தர்மபுரத்துக் கணபதி. எழுபத்தேழுக் கலவரத்தில் சிறுவனாகத் தாய் தகப்பனோடு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து சேர்ந்தவர். தோட்டத்தில் கச்சான் கடலை போடுகிறவர், உழவு மெஷின் ஓட்டுகிறவர். டொக்டர் நஸீமாவுக்கு ஆள் கிடைக்காததால் முதல் நாள் ஸுஹறாவே மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு ஆளைத் தேடவே இல்லை.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு கதைக்கு என்னென்ன வியாதி வரலாமோ அவ்வளவும் ‘வெளியோடிகள்’ கதைக்கும் வந்தது. கோதை இரண்டு தரம் கலியாணம் முடித்து இரண்டு புருசனையும் தொலைத்தாள். நஸீமா செத்தாள். நேயர்கள் போன் பண்ணி ஏசியதில், செத்தது அவளுடைய நகல் என்றும் உண்மையானவள் சிறையில் இருக்கிறாள் என்றும் சொல்லி அவளை மீட்டுவர வேண்டி வந்தது. எதிரியின் பெயரை ஸுஹறா ஓரிடத்தில் மாற்றி எழுதிவிட, அதைச் சமாளிக்க அவனுக்கு ஒரு தம்பியைப் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. கட்டாரிலிருந்து ஒரு பொடியன், தான் புதிது, எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்டான். பழைய நேயர்கள் ஆளுக்கொரு விதமாகப் பதில் போட்டுத் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். பொடியன் திரும்பி வரவில்லை.

இதற்கு ஒரு வழி, கதவுக்குப் பிணைச்சல் வாங்க வந்த மனிதரைக் காக்கவைத்துக்கொண்டு நின்ற ஒரு நேரத்தில் அவளுக்குப் பட்டது. பின்னேரமே கிருசாந்தனிடம் ஓடினாள்.

“தம்பி, முரல் பிந்தி வெளிக்கிட்டதாலதானே இவ்வளவு கரைச்சலும்? அது ஒரு இரவு முந்தி வெளிக்கிட்டிருந்தா?”

“இருந்தா?”

“வேற வானம். வேற பயணம். ஆக்கள் மட்டும் அதே ஆக்கள். பழைய கதையை அழிக்கத் தேவையில்லை, அது தன்ர பாட்டில அங்கால ஓடும். இது இஞ்சால புதுசா ஓடும். புதுசா வாறவன் இதில முதலாம் பாகத்தில இருந்து கேக்கலாம்.”

கிருசாந்தன் கழற்றிக்கொண்டிருந்த போனை மேசையில் வைத்தான். “அக்கா, இதை நான் நிருஷனுக்குச் சொல்லட்டோ?”

நிருஷன் கிளிநொச்சியில் பிறந்து சிறு வயதிலேயே கனடாவுக்குப் போனவன். ரொறன்ரோவில் தமிழ் ஒலி நாடகங்கள் செய்கிற ஒரு நிறுவனம் வைத்திருந்தான். பனியில் கார் ஓட்டும்போது ‘வெளியோடிகள்’தான் கேட்பானாம். பணம் போட்டுப் பெரிதாகச் செய்ய அவனுக்கு நெடுநாள் ஆசை. ஆனால் இந்தச் சிக்கலுக்குள் புது ஆட்களை எப்படிக் கூட்டிவருவது என்று தயங்கிக்கொண்டிருந்தான்.

“அக்கா, நீங்கள் ஜீனியஸ்,” என்றான் முதல் நாள் திரையில். “பழைய டைம்லைனை அழிச்சிட்டுப் புதுசாக் கீறுறம். கிளீன்.”

“அழிக்கேல்லை,” என்றாள் ஸுஹறா. “பக்கத்தில இன்னொண்டு கீறுறம்.”

“ஓம் ஓம், அதுதான்.”

அவன் அதைச் சொன்ன வேகத்திலேயே அவள் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. புது மைக் வந்தது, புதுக் கணினி வந்தது. கிருசாந்தன் முட்டைத் தட்டுகளைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கறுப்புப் பஞ்சு ஒட்டினான். பழைய கதையை, ஒரு பாகத்தின் நட்டநடுவில் அப்படியே நிறுத்திவிட்டுப் புதியதை எழுத உட்கார்ந்தாள் ஸுஹறா. கை ஓடியது. பன்னிரண்டு வருட முடிச்சு எதுவும் இல்லாத வெறும் வானம். அவளுக்கு வயது குறைந்தது போல இருந்தது.

பிறகு நிருஷனின் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின.

முதலில் கலத்தின் பெயர். “முரல் எண்டா மீனோ அக்கா? இந்தியாவில கேக்கிற சனத்துக்கு விளங்காது.” அவர்கள் ‘விண்மதி’ என்று வைத்தார்கள். “குளிக்கிற சவர்க்காரத்துக்கு வைக்கிற பேர் மாதிரிக் கிடக்கு,” என்று ஹலீமிடம் சொல்லிவிட்டு விழுங்கிக்கொண்டாள். பிறகு கோதையின் வயதைப் பாதியாக்கினார்கள். சரி, கஜேந்தினி குரலை இளக்கிப் பேசுவாள். பிறகு பேச்சு. எல்லாரும் ஒரே மாதிரி, எந்த ஊர் என்று தெரியாத மாதிரிப் பேச வேண்டும். கஜேந்தினிக்கு அது வந்தது. கணபதிக்கு வரவில்லை.

அவர் தர்மபுரத்திலிருந்து பரந்தனுக்கு வந்து, அங்கே பஸ் மாறி வவுனியாவுக்கு வந்து, நெளுக்குளத்துக்கு ஓட்டோ பிடித்து வந்து சேரும்போது அரைநாள் போய்விடும். அப்படி மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் அதே வசனம்: ‘இயந்திரம் பழுதடைந்துவிட்டது, தலைவி.’

“எஞ்சின் மக்கர் பண்ணுது தலைவரம்மா,” என்றார் கணபதி பழக்கத்தில்.

“ஐயா, எழுதியிருக்கிறதைச் சொல்லுங்கோ,” என்றான் நிருஷன் திரையிலிருந்து.

எழுதியிருந்ததைச் சொன்னார். பொலிஸ் நிலையத்தில் தகப்பன் பெயர் சொல்கிறவரைப் போல நின்றுகொண்டு சொன்னார்.

“நல்லாயிருக்கு ஐயா. ஆனா கொஞ்சம் நியூட்ரலா வேணும்.”

“நியூட்ரல்ல போட்டா வண்டி நகராதுங்களே தம்பி.”

கஜேந்தினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். நிருஷனும் சிரித்தான். அவன் பொல்லாதவன் இல்லை. கணபதிக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுக்கச் சொல்லுவான், பஸ் காசு அனுப்புவான், ‘ஐயா’ என்று மரியாதையாகவே பேசுவான். ஸுஹறாவுக்கு அதுதான் கூடுதல் எரிச்சல். ஒரு கெட்ட வார்த்தை பேசினால் திருப்பி ஏசலாம். இவனை என்னவென்று ஏசுவது?

மூன்றாவது தரம் கணபதி போன பிறகு நிருஷன் திரும்பவும் அழைப்பு எடுத்தான்.

“அக்கா, எனக்கு ஐயாவை விட விருப்பமில்லை. அதால ஒரு வழி யோசிச்சனான். அவர் ஒரு வேற்றுக்கிரகவாசியாப் பேசட்டும். மூண்டாம் பாகத்தில ஒரு சந்தையில வாறாரே, சாமான் விக்கிற ஆள். அந்த ஆக்கள் எப்பிடிப் பேசினாலும் பரவாயில்லைத்தானே?”

“அப்ப சின்னையா ஆர் செய்யிறது?”

“சின்னையா இந்த டைம்லைனில இல்லை அக்கா.”

“ஏன் இல்லை?”

“பிறக்கேல்லை.”

அவன் அதை, கடையில் ஒரு சாமான் முடிந்துவிட்டது என்று சொல்வது போல இலேசாகச் சொன்னான். பிறகு தொண்டையைச் செருமினான். “மற்றது, டொக்டர். நந்திதா எண்டு பேர் மாத்துறம். கேரக்டர் அதேதான். பேசுறதுக்குச் சென்னையில ஒரு பிள்ளை இருக்கிறா, நல்ல குரல்.”

“நஸீமாவும் பிறக்கேல்லையோ?”

“அப்பிடித்தான் வையுங்கோவன்.”

“அதே ஆள்தானெண்டால், நந்திதா பிறக்காமல் நஸீமா பிறந்திருக்கலாமே தம்பி?”

“அக்கா...” நிருஷன் தலையைச் சொறிந்தான். “டைம்லைன் மாறினா ஆக்கள் மாறத்தானே செய்யும்? இது உங்கட ஐடியாதானே.”

அதற்கு அவள் வாய் திறப்பதற்குள் இணைப்பு இறுகி நின்றுவிட்டது. திரையில் அவன் பாதிச் சிரிப்போடு உறைந்துபோயிருந்தான். கிருசாந்தன் வயரை ஆட்டினான், ரவுட்டரை நிறுத்திப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் எழும்பி வீட்டுக்கு நடந்தாள்.

வழி முழுக்க அவளை அரித்தது ஒரேயொரு கேள்வி. கலம் ஓர் இரவு முந்திப் புறப்பட்டால், அதற்கு நாற்பது வருடத்துக்கு முன்னால் பிறந்த சின்னையா எப்படிப் பிறக்காமல் போவான்? அவளுடைய கதையில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். காரணம் இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. எதிரிக்குத் தம்பியைப் பிறப்பித்தபோதுகூட, அவனை ஏன் இவ்வளவு நாளும் காணவில்லை என்று அரைப் பாகம் எழுதினவள். சின்னையா பிறந்திருக்கத்தான் வேண்டும். நஸீமாவும் பிறந்திருக்கத்தான் வேண்டும். கலத்தில்தான் அவர்கள் இல்லை. ஏன் இல்லை?

காரணத்தைத் தேடி அவள் தூரம் போகவேண்டியிருக்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவள் கடையில் ஒருவருக்கும் ஒழுங்காகச் சாமான் கொடுக்கவில்லை. அரை அங்குலக் குழாய் கேட்டவருக்கு முக்கால் அங்குலம் வெட்டிக் கொடுத்தாள். போனில் தட்டித் தட்டி ஒரு காட்சி எழுதினாள். கலம் முந்திப் புறப்படுகிறது என்ற செய்தியை நகரத்தில் மட்டும் அறிவிக்கிறார்கள். மலையில் வேலை செய்கிறவர்களின் லயக் குடியிருப்புக்கும் கடற்கரைச் சேரிக்கும் சொல்ல நேரமில்லை; சொன்னால் கலத்தில் இடம் காணாது. எப்படியோ கேள்விப்பட்டு இரண்டு குடும்பங்கள் வாசலுக்கு ஓடிவருகின்றன. ஒன்றில் சின்னையா. மற்றதில் நஸீமா. காவல்காரன் மரியாதையாகத்தான் பேசுகிறான். உங்களுக்கு அடுத்த கலம் விடிய வரும் என்கிறான். அடுத்த கலம் என்று ஒன்றில்லை. நஸீமாவின் தாய், விடியப் போகவேண்டுமென்றால் ஊறப்போட்ட அரிசியை என்ன செய்வது என்று அவனிடம் கேட்கிறாள். கலம் மேலே போகிறது. கலத்துக்குள் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வானம் துப்புரவாக இருக்கிறது.

ஹலீம் அதை வாசித்தான். அரிசி வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தான். முல்லைத்தீவை விட்டு எழும்பச் சொன்ன அந்த நாள் ஸுஹறாவின் உம்மா கேட்ட கேள்வி அது. அவனுக்கும் தெரியும்.

“இதை அவங்கள் போடமாட்டாங்கள்,” என்றான்.

“தெரியும்.”

“பிறகு என்னத்துக்கு எழுதினாய்?”

“ரெண்டு பேரும் இல்லையெண்டா ஏன் இல்லையெண்டு கதை சொல்லவேணுமே. சும்மா பிறக்கேல்லையெண்டு சொன்னா சரியோ?”

ஹலீம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சீமெந்து இறக்கப் போனான்.

நிருஷனிடமிருந்து மறுநாள் குரல் செய்தி வந்தது. வாசித்துவிட்டு அழுததாகச் சொன்னான். அவள் எழுதியதில் இதுதான் சிறந்தது என்றான். ஆனால் முதலாம் பாகத்துக்கு இது பாரம், சனம் கலத்தில் ஏற முந்தியே இறங்கிவிடும் என்றான். வேண்டாம் என்றான். அவள் களைத்துப்போயிருப்பாள், சென்னையில் ஓர் எழுத்தாளர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார் என்றான். கடைசியில் “லவ் யூ அக்கா” என்றும் சொன்னான்.

அவள் கிருசாந்தனின் கடைக்குப் போனாள்.

“நீ என்ன சொல்லுறாய்?”

கிருசாந்தன் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. “நான் என்ன சொல்லுறது அக்கா. அவர்தானே காசு போடுறார்.”

“பன்ரண்டு வருசமா ஒண்டா வேலை செய்தனாங்கள். சின்னையா இல்லாமல் உனக்குக் கதை ஓடுமோ? சொல்லு பாப்பம். எஞ்சின் சத்தம் போடேக்க ஆற்ற குரலை நினைச்சுப் போடுவாய்?”

“அக்கா, கத்தாதையுங்கோ, ஆக்கள் நிக்கினம்.”

“நிக்கட்டும்!”

அப்போதுதான் அவன் கண்ணாடியைக் கழற்றினான். “உங்களுக்கு மட்டுமே கோவம் வரும்? இந்தப் பன்ரண்டு வருசமும் நான் போன் திரை மாத்தின காசிலதான் இந்த நாடகம் ஓடினது. மைக் பழுதானா நான். கரண்ட் பில் நான். ஒருநாள் உங்களட்டைச் சொன்னனானோ? முதல் தரமா ஒருத்தன் வந்து, சம்பளம் தாறன், இதை மட்டும் செய் எண்டு சொல்லுறான். எனக்கு முப்பத்தெட்டு வயசு அக்கா. இந்தச் சின்னத் திருகாணியளைப் பாக்கக் கண் தெரியேல்லை.”

அவள் திரும்பி வந்துவிட்டாள். அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் இரண்டு மடங்கானது.

கணபதியையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாள். சந்தையில் சாமான் விற்கிற வேற்றுக்கிரகவாசி! அந்த அவமானத்துக்கு அவர் சம்மதிக்கக் கூடாது, அதை நேரில் சொல்ல வேண்டும் என்று வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள். பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்ற நேரம் முழுக்க, சொல்ல வேண்டியதை வசனம் வசனமாக மனதில் எழுதினாள்.

கணபதி கச்சான் தோட்டத்தில் நின்றார். அவர் மனைவி ராக்காயி கதிரை கொண்டுவந்து மரநிழலில் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். ஸுஹறா எழுதிவைத்த வசனத்தின் முதல் பாதியைச் சொல்வதற்குள் கணபதி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அது நான் சரின்னு சொல்லிட்டேன் தங்கச்சி.”

“என்னது?”

“அந்தச் சந்தைக்கார வேசம். கிருசாந்தன் தம்பி முந்தாநாளு போன் பண்ணுச்சு. சரின்னுட்டேன்.”

ஸுஹறா தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தாள். “அண்ணன், உங்கட பேச்சு மனுசற்ற பேச்சில்லையெண்டு சொல்லுறாங்கள். விளங்குதோ? நான் உங்களுக்காக அங்க சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

“என்னைய கேட்டீங்களா?”

அவள் கோப்பையைத் திரும்பவும் கையில் எடுத்தாள்.

“கோவமில்லைன்னு யாரு சொன்னா?” என்றார் கணபதி. “அந்தத் தம்பி என்னைய நியூட்ரல் நியூட்ரல்னு மூணு வாட்டி நிக்கவச்சப்ப எனக்கு இங்க எரிஞ்சிச்சு. வீட்டுக்கு வந்து இவகிட்டதான் கத்துனேன். ஆனா மைக்கு முன்னுக்கு நிக்கிறது எனக்குப் புடிக்கும் தங்கச்சி. சந்தைக்காரனோ சாத்தானோ, என் வாயில வர்றத நாலு பேரு கேக்குறான். அத நான் ஏன் உடணும்? நீங்க உடச் சொல்றீங்க. அந்தத் தம்பி மாத்தச் சொல்லுது. ரெண்டு பேரும் எனக்குத்தான் சொல்றீங்க.”

ராக்காயி உள்ளே போய்விட்டாள். தோட்டத்தில் யாரோ தண்ணீர்ப் பம்பை நிறுத்தினார்கள்.

“எனக்குத் தாங்காதது வேற,” என்றார் அவர். “பழைய கதையில சின்னையா எஞ்சின் ரூமுல தீ புடிச்சு, மத்தவங்களக் காப்பாத்த உள்ளுக்கிருந்து கதவச் சாத்திக்கிட்டான். நீங்க அப்புடியே உட்டுட்டுப் புதுசு எழுதப் போயிட்டீங்க. ஒரு வருசமா நிக்கிறான் அங்க. செத்தானா, பொழச்சானா? உழவுக்குப் போற எடமெல்லாம் கேக்குறாங்க. நான் என்னான்னு சொல்ல?”

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு யார் மீது கோபம் என்றே தெரியவில்லை. புளியங்குளத்தில் ஏறிய ஒரு மனுசி பக்கத்தில் இருந்து என்னவோ பேச்சுக் கொடுத்தாள். ஸுஹறா தலையை மட்டும் ஆட்டினாள். போனை எடுத்து, புதிய கதையை மூடிவிட்டு, ஒரு வருடமாகத் திறக்காத பழைய பாகத்தைத் திறந்தாள். வவுனியா வருவதற்குள் கதவுக்கு வெளியே நஸீமாவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

கிருசாந்தனிடம் போய், “ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையைத் தா,” என்றாள். “பழையதுக்குக் கடைசிப் பாகம். முடிச்சிட்டுப் போறன்.”

“பழைய கதையில இனி ஒண்டும் போடவேண்டாமெண்டு நிருஷன் சொன்னவர் அக்கா. சனம் குழம்புமாம். போட்டா கத்துவார்.”

“கத்தட்டும். எனக்கு மட்டுமே கோவம் வரும்?”

கிருசாந்தன் அவளைப் பார்த்தான். பிறகு மேசை இலாச்சியைத் திறந்து அறைத் திறப்பை எடுத்து நீட்டினான். “நான்தான் பதிவு செய்வன். வேற ஆரையும் என்ர மெஷினில கைவைக்க விடமாட்டன்.”

அந்த ஞாயிறு ஒன்றுமே சரியாக வரவில்லை. கணபதி வந்த பஸ்ஸுக்கு ஓமந்தையில் டயர் போயிற்று. கஜேந்தினிக்குத் தடிமன்; கோதையின் குரல் மூக்கால் வந்தது. பதிவு தொடங்கியதும் பக்கத்து வளவில் மரம் அரிகிற மெஷினைப் போட்டார்கள். ஹலீம் போய்க் கெஞ்சி அதை நிறுத்திவிட்டு வர, கரண்ட் போனது. வந்தது. திரும்பவும் போனது. நான்காவது முறையாக நஸீமா கதவைத் தட்டுகிற வசனத்தைத் தொடங்கும்போது ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது.

ஸுஹறா ஹெட்போனைக் கழற்றி மேசையில் அடித்தாள். “சின்னையா செத்துப் போகட்டும்! நான் எழுதினதை மாத்துறன். செத்துப்போனான், முடிஞ்சுது, எல்லாரும் வீட்டை போங்கோ!”

வானின் பாட்டுத் தூரப் போகும்வரை கிருசாந்தன் மெஷினைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கணபதி மைக்குக்கு முன்னால் இருந்து அசையவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே, சின்னையாவின் குரலில் சொன்னார்:

“டாக்டரம்மா... கதவ தட்டிட்டு போயிட்டீங்களா? சூடு தாங்கல. தொறக்கலாமா வேணாமா, ஒண்ணு சொல்லுங்க.”

கிருசாந்தனின் கை பொத்தானுக்குப் போனது. ஸுஹறா ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மைக்குக்கு வந்தாள். எழுதிவைத்திருந்த வசனம் மறந்துபோய்விட்டது.

“போகேல்லை,” என்றாள். “இஞ்சதான் நிக்கிறன். திறங்கோ.”

சின்னையா கதவைத் திறந்தான். மயிர் கருகி, கை வெந்து, ஆனால் உயிரோடு வெளியே வந்து விழுந்தான். கோதை மூக்கால் அழுதாள். முரல் எந்த வானத்திலும் கரைசேரவில்லை. ஆனால் கலத்தில் எல்லாரும் இருந்தார்கள். இயந்திரம் ஓடியது. அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். எதிரியின் தம்பிக்கு என்ன நடந்தது என்று சொல்ல நேரமிருக்கவில்லை.

கடைசிப் பாகத்தைக் கேட்டவர்கள் சில நூறு பேர்தான். நிருஷன் அழைத்துக் கத்தினான். கிருசாந்தன் போனை மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். பாகத்தை யூடியூப்பிலிருந்து எடுக்கவில்லை.

புதிய ‘வெளியோடிகள்’ மாதக் கடைசியில் வெளிவந்தது. ஒரு கிழமைக்குள் பழையதற்கு ஒரு வருடத்தில் கிடைக்காத கூட்டம் அதற்குக் கிடைத்தது. ஸுஹறா கடையைப் பூட்டிவிட்டு ஹலீமோடு இருந்து கேட்டாள். விண்மதி மேலெழும்புகிற சத்தத்தில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. நன்றாக இருந்திருக்கக் கூடாது. நந்திதா தெளிவாகவும் இனிமையாகவும் பேசினாள், எந்த ஊர்க்காரி என்று கடைசிவரை தெரியவில்லை. மூன்றாம் பாகத்தில் சந்தைக்காரன் வந்து கோதையிடம் விலை பேசிய இடத்தில் ஹலீம் வாய்விட்டுச் சிரித்தான். அவள் அவனை முறைத்தாள்.

முடிவில் நன்றி சொல்கிற இடத்தில், மூலக் கருத்து என்று போட்டு, ‘சுகரா’ என்று இருந்தது.

அவள் கிருசாந்தனை அழைத்தாள். பிறக்காத சின்னையா, பெயர் மாறின நஸீமா, சவர்க்காரப் பெயர், ஒரு வருடக் கோபம் எல்லாவற்றையும் அந்த ஒரு எழுத்துப் பிழைக்காகக் கத்தித் தீர்த்தாள். “சொல்லி மாத்துவிக்கிறன் அக்கா,” என்றான்.

மறுநாள் மாற்றியிருந்தார்கள். ‘ஸுகறா’ என்று இருந்தது.

அவள் கடை மேசையில் நின்று அதைப் பார்த்தாள். முன்னால் ஒருவர் கம்பி வலை கேட்டுக்கொண்டு நின்றார். “இருங்கோ, வாறன்,” என்று அவருக்குச் சொல்லிவிட்டு, கிருசாந்தனுக்குத் திரும்பவும் அழைப்பை எடுத்தாள்.